சைக்கிள் தொண்டு நிறுவனங்களுக்காகத் தெருவில் நிதி திரட்டுவோரும் சைக்கிள் ஓட்டிகளான நாமும்

நெடுவழி:

பிரித்தானியாவில் சைக்கிள் பாதைகளுக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனங்களின் சார்பில் கடைத்தெருக்களில் நின்று மாத நன்கொடைக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பற்றி நாம் இந்த மன்றத்தில் அவ்வப்போது துண்டு துண்டாகப் பேசி வருகிறோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சு எரிச்சலில் தொடங்கி எரிச்சலிலேயே நின்றுவிடுகிறது. நின்று நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது என்று எனக்குப் படுவதால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு. அந்த நிறுவனங்களின் நோக்கத்தோடு முழுக்க உடன்படுகிறவர்கள் நாம். அப்படியிருந்தும் மற்ற எவரையும்விடக் கடுமையாக அவர்களுடைய ஆட்களைத் திருப்பி அனுப்புகிறவர்களும் நாமே. சைக்கிளே ஓட்டாத ஒருவர் "நேரமில்லை" என்று கையசைத்துவிட்டுப் போய்விடுவார். நாமோ நின்று, பாதையில் எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் குழி, எங்கே அது சொல்லாமல் கொள்ளாமல் முடிந்து லாரி ஓடும் சாலையில் நம்மைக் கொண்டுபோய்த் தள்ளுகிறது என்றெல்லாம் பட்டியல் படித்துவிட்டுத்தான் நகர்கிறோம். எதிரில் நிற்பவர் அந்தப் பாதையைப் போட்டவர் அல்லர். பல வேளைகளில் அந்த நிறுவனத்தின் ஊழியர்கூட அல்லர். ஒப்பந்த முகமை ஒன்று கூலிக்கு அமர்த்தியிருக்கும் இளைஞர்.

நம் மனக்குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. பாதையின் தரம் குறித்த குறை நிறுவனத்துக்குப் போக வேண்டும், பணம் திரட்டும் முறை குறித்த குறை அதன் அறங்காவலர்களுக்குப் போக வேண்டும், மறியலைப் போல வழியில் நிற்பது குறித்த குறை நகராட்சிக்குப் போக வேண்டும். இவை எதுவும் அந்த இளைஞரிடம் சொல்லித் தீர்வதில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வடகாற்று:

நெடுவழி அவர்களே, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். நாம் அங்கே வண்டியை உருட்டிக்கொண்டு போகிறோம். ஒரு கை கைப்பிடியில், மறு கை இருக்கையில். தலைக்கவசம் முழங்கையில் தொங்குகிறது. பின்னால் பைகள் கனக்கின்றன. நடப்பவர் ஒருவர் சட்டென்று விலகி வளைந்து போய்விடலாம். பாரம் ஏற்றிய சைக்கிளோடு அப்படி வளைய முடியாது, நிறுத்திச் சாய்க்கவும் இடம் இருக்காது. இந்த நிலையில் ஒருவர் குறுக்கே வந்து, "நீங்கள் சைக்கிள் ஓட்டுவதுண்டா?" என்று முகம் மலரக் கேட்கிறார். எழுதிக் கொடுத்த முதல் வரியை அவர் ஒப்பிக்கிறார், நம்மைப் பார்க்கவில்லை என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின் அவர் சொல்வது எதுவும் காதில் ஏறுவதில்லை.

கணக்கர்:

பணம் எப்படி நகர்கிறது என்பதைச் சொன்னால் பேச்சுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் நெடுங்காலம் இருந்திருக்கிறேன்.

தெருவில் நின்று மாத நன்கொடைக்கு ஒப்புதல் வாங்கும் முறை 1990களின் நடுப்பகுதியில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் அமைப்புக்காக நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து சில ஆண்டுகளில் பிரித்தானியாவுக்குப் பரவியது. உண்டியல் குலுக்குவதோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது. இவர்கள் ரொக்கத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை தானாகக் கழிய நீங்கள் கொடுக்கும் ஒப்புதல்தான் அவர்களுக்கு வேண்டும். அந்த முறை பிடித்துப்போனதற்குக் காரணங்கள் உண்டு. மாதந்தோறும் உறுதியாக வரும் பணத்தை நம்பித்தான் ஒரு நிறுவனம் ஆட்களை வேலைக்கு எடுக்க முடியும், நிலத்துக்கு நெடுங்காலக் குத்தகை போட முடியும். பிரித்தானியாவில் வரி செலுத்துகிறவர் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் ஒப்பமிட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்சை அரசு கூடுதலாகத் தருகிறது என்பதும் இதில் சேரும். சட்டத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. தெருவில் ரொக்கம் வசூலிப்பதற்கான உரிமமுறை 1916ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. வங்கி ஒப்புதல் வாங்குவது அதற்குள் அடங்குமா என்பது தெளிவில்லாமல் கிடந்ததால், நகராட்சிகளோடு எந்த நாளில் எந்த இடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று தனி உடன்பாடுகள் செய்துகொள்ளும் வழக்கம் உருவாயிற்று.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். முகமைக்கு நிறுவனம் கட்டணம் தருகிறது. அந்தக் கட்டணம் பெரும்பாலும் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் இவ்வளவு என்ற கணக்கில் இருக்கும். ஆகவே நீங்கள் முதல் ஆண்டில் கொடுப்பதில் பெரும்பங்கு, சில வேளைகளில் முழுவதுமே, உங்களைச் சேர்த்த செலவை ஈடுகட்டத்தான் போகிறது. நிறுவனத்துக்கு உண்மையான வரவு அதற்குப் பிறகே தொடங்கும். ஆனால் இப்படிச் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஓராண்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள் என்று இந்தத் துறையின் சொந்தக் கணக்கெடுப்புகளே சொல்லி வந்திருக்கின்றன. எஞ்சியவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கொடுப்பதால்தான் மொத்தக் கணக்கு இலாபத்தில் முடிகிறது. "என் பணம் முகமைக்குத்தான் போகிறது" என்று சொல்பவரும் தவறு சொல்லவில்லை, "ஐந்தாண்டில் பார்த்தால் இது நல்ல வழி" என்று சொல்லும் நிறுவனமும் பொய் சொல்லவில்லை. எந்தக் கால அளவில் பார்க்கிறோம் என்பதே வேறுபாடு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் கூலிக்கு நிதி திரட்டும் எவரும், நீங்கள் விவரங்களைத் தருவதற்கு முன்பே, தமக்கு ஊதியம் தரப்படுகிறது என்பதையும் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுத் தொண்டு நிறுவனச் சட்டம் விதிக்கிறது. அவர் சொல்லாவிட்டால் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மழைச்சட்டை:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அந்த வேலையைச் செய்தவன். ஒரு சைக்கிள் தொண்டு நிறுவனத்துக்காகவும் சில வாரங்கள் நின்றிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

காலையில் ஒரு மணி நேரம் விளக்கம் தருவார்கள். அமைப்பு எப்போது தொடங்கியது, எத்தனை மைல் பாதை, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாள். பிறகு வண்ணச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அன்றைக்கு இத்தனை பேரையாவது சேர்க்க வேண்டும் என்ற இலக்கு தலைக்கு மேல் நிற்கும். சில நாள் தொடர்ந்து அந்த எண்ணிக்கை வராவிட்டால் வேலை போய்விடும். முந்தின வாரம் வேறொரு நோக்கத்துக்காக நின்ற ஆட்கள் இந்த வாரம் பாதைகளைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் குழுவில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களே குறைவு.

நானோ நாள்தோறும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆகவே தலைக்கவசத்தோடு யாராவது வந்தால் மனம் துள்ளும், நம் ஆள் வருகிறார் என்று. நெடுவழி எழுதியிருப்பது உண்மை. அவர்கள்தான் மிகக் கடினமானவர்கள். சிலர் அருமையாகப் பேசுவார்கள், கையொப்பம் மட்டும் இட மாட்டார்கள். சிலர் எங்கோ ஒரு பாலத்துக்கு அடியில் விளக்கு எரியாததை என் தலையில் கொட்டுவார்கள். நான் எழுதி வைத்துக்கொள்வேன். மாலையில் குழுத் தலைவரிடம் கொடுக்கப் பார்த்தேன். அதை வாங்கி நிறுவனத்துக்கு அனுப்ப எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை என்றார். நாள் முழுக்க நின்றதைவிட எனக்கு அதிக வருத்தம் தந்தது அந்தப் பதில். பாதையைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் நேரில் வந்து, எங்கே என்ன கோளாறு என்று இடம் சொல்லிப் போகிறார்கள். அந்தச் செய்தி தெருவோடு போய்விடுகிறது.

வடகாற்று ஐயா, குறுக்கே நிற்பது பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒருவரோடு மூன்று எட்டுக்கு மேல் கூடவே நடந்து போகக் கூடாது என்ற விதி பிரித்தானியாவில் நெடுங்காலமாக இருந்து வந்தது. வழியை மறிக்கவும் கூடாது. எங்களுக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். சைக்கிளை உருட்டி வருபவருக்கு மூன்று எட்டும் அதிகம் என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். நான் அவர்களிடம் பக்கவாட்டில் நின்று மட்டும் பேசுவேன்.

மூன்றுசக்கரம்:

எனக்குக் கால்கள் இயங்குவதில்லை. கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் போகிறேன். தெருவில் என்னைக் கண்டால் நிதி திரட்டுவோர் பலர் தயங்கி விலகிவிடுவார்கள். ஒருவர் மட்டும் தயங்காமல் வந்து, வாகனமில்லாத பாதைகள் எல்லோருக்குமானவை என்று பேசினார். நான் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: அந்தப் பாதைக்குள் நான் எப்படி நுழைவது?

பலருக்கு இது தெரிந்திருக்காது என்பதால் விளக்குகிறேன். மோட்டார் சைக்கிள்கள் நுழையாமல் இருக்கப் பாதையின் வாயிலில் இரண்டு இரும்புச் சட்டங்களை எதிரெதிரே சாய்த்து நட்டிருப்பார்கள். தரையில் இடைவெளி ஓரளவு இருக்கும், மேலே போகப் போக நெருங்கும். இரு சக்கர சைக்கிள்காரர் இறங்கி, கைப்பிடியைத் திருகி, ஒரு பக்கம் சாய்த்து நுழைத்துவிடுவார். சில இடங்களில் மிதிக்கட்டை சட்டத்தில் உரசிப் பெயின்ட் போன தடத்தை வரிசையாகக் காணலாம். என் வண்டியின் பின்அச்சு அந்த இடைவெளியைவிட அகலம். பிள்ளைகளை முன்பெட்டியில் ஏற்றிச் செல்லும் வண்டியும் நுழையாது, இருவர் சேர்ந்து ஓட்டும் நீளவண்டியும் திரும்பாது. 'இறங்கித் தள்ளிச் செல்லவும்' என்ற பலகைக்கு என்னைப் போன்றோரிடம் பதில் இல்லை.

பிரித்தானியா முழுதும் எண்ணிட்ட சைக்கிள் வழிகளை இணைக்கும் வலைப்பின்னலை உருவாக்கிய தொண்டு நிறுவனம் சஸ்டிரான்ஸ் (2025 முதல் அதன் பெயர் வாக் வீல் சைக்கிள் டிரஸ்ட்). அவர்கள் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் தேசிய சைக்கிள் வலைப்பின்னலை அவர்களே ஆய்வு செய்து வெளியிட்ட அறிக்கையில், வலைப்பின்னலில் 54 விழுக்காடு மட்டுமே நல்லது அல்லது மிக நல்லது என்றும், 42 விழுக்காடு மோசம், 4 விழுக்காடு மிக மோசம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஏறத்தாழ 16,000 தடுப்புகள் இருப்பதாகவும் அதிலேயே எழுதினார்கள். தடுப்புகளை அகற்றும் பணியும் அதன் பிறகு தொடங்கியது. 2020 ஜூலையில் இங்கிலாந்து அரசு வெளியிட்ட சைக்கிள் பாதை வடிவமைப்பு வழிகாட்டியும் இத்தகைய தடுப்புகள் மாற்றுத்திறனாளிகளை விலக்குகின்றன என்று தெளிவாகச் சொல்கிறது.

என் நிலைப்பாடு இதுதான்: ஒரு பாதை எனக்குத் திறக்கும் வரை அந்தப் பாதைக்காக மாதப் பணம் தர மாட்டேன். தடுப்பை அகற்றுவதற்கு என்று தனியாகக் கேட்டால் அன்றைக்கே தருவேன். அந்த இளைஞரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார், மறுபடி வற்புறுத்தவில்லை.

இருப்புப்பாதை:

மூன்றுசக்கரம் அவர்களின் பதிவுக்கு என் முழு ஆதரவு. அதே நேரம் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். பாதைப் பராமரிப்பில் தன்னார்வத் தொண்டனாக இருப்பவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

சஸ்டிரான்ஸ் 1977இல் பிரிஸ்டல் நகரில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கியது. அப்போது அரசு சைக்கிள் பாதைகளில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. கைவிடப்பட்ட இருப்புப்பாதைத் தடம் ஒன்றைத் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு இறங்கிச் சீர்செய்தார்கள்; 1979க்கும் 1986க்கும் இடையில் பிரிஸ்டலையும் பாத் நகரையும் இணைக்கும் 13 மைல் பாதை அப்படித்தான் உருவாயிற்று. அந்த ஒரு பாதை கண்முன்னே கிடந்ததால்தான் 1990களின் நடுவில் தேசிய லாட்டரியின் பொதுநல நிதியிலிருந்து 4 கோடிப் பவுண்டுக்கும் மேல் கேட்டு வாங்க முடிந்தது, 2000இல் 5,000 மைல் வலைப்பின்னலைத் திறக்க முடிந்தது. 2007இல் தொலைக்காட்சி வழியாகப் பொதுமக்கள் வாக்களித்து 5 கோடிப் பவுண்டை அவர்களுடைய பாலங்களுக்கும் இணைப்புப் பாதைகளுக்கும் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், இவை பெரும் தொகைகள். ஆனால் எல்லாமே கட்டுவதற்கான பணம். கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வது? பாலத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார். மூன்றாம் ஆண்டில் அதன் மேல் படர்ந்த முள்செடியை வெட்ட எந்த நிதித் திட்டமும் வராது. கூட்டி அள்ளாத இலை ஒரு பருவத்தில் மண்ணாகி, அடுத்த பருவத்தில் வழுக்கும் சேறாகிறது. தாரின் ஓரத்தை வேர் தூக்குகிறது. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் பாதையே அரித்துப் போகிறது. நெடுவழி முதல் பதிவில் அடுக்கிய சேறும் குழியும் இப்படி உருவாகின்றவைதான். நிபந்தனையில்லாமல் மாதந்தோறும் வரும் சிறு பணம் மட்டுமே இந்த வேலைக்குப் பயன்படும். ஆகவே தெருவில் கேட்கும் அந்த ஒப்புதல், நாம் எந்தக் குறையைச் சொல்லி மறுக்கிறோமோ அந்தக் குறையைத் தீர்க்கவே தேவைப்படுகிறது.

இன்னொன்று. வலைப்பின்னலில் மிகச் சிறு பகுதிதான் அந்த அமைப்புக்குச் சொந்தம். மற்றவை நகராட்சி நிலம், தனியார் நிலம், சாதாரணச் சாலை. 2018 ஆய்வின்போது மூன்றில் ஒரு பங்குதான் வாகனமில்லாத பாதை. மீதி எல்லாம் வாகனங்களோடு பகிரும் சாலை. நீலப் பலகையில் வலைப்பின்னலின் பாதை எண் இருப்பதால் எல்லாக் குறையும் அவர்களுடையது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பாதுகாப்பில்லாத சாலைகளில் அந்தப் பலகையை மாட்டியது சரியில்லை என்று அவர்களே உணர்ந்து, 2020இல் வலைப்பின்னலின் ஏறக்குறையக் கால் பங்கை நீக்கினார்கள் அல்லது தகுதி குறைத்தார்கள். தான் கட்டிய எண்ணிக்கையைத் தானே குறைத்து அறிவிக்கும் துணிவு எத்தனை அமைப்புகளுக்கு வரும்?

வடகாற்று:

நிபந்தனையில்லாத பணத்தின் தேவையை இப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை. தெருவில் நிற்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் படத்தைக் காட்டுவதற்குப் பதிலாக அடைத்த மழைநீர்க் குழாயின் படத்தைக் காட்டியிருந்தால் நான் நின்று கேட்டிருப்பேன்.

பொதுவழி:

நான் மாறுபடுகிறேன், சற்று நீளமாகவே.

முள்செடியை வெட்டுவதற்கு அரசிடம் நிதித் திட்டம் இல்லை என்பதைக் கேட்டுவிட்டு, "ஆகவே சைக்கிள் ஓட்டிகள் கொடுக்க வேண்டும்" என்ற முடிவுக்கு நாம் ஏன் வருகிறோம்? நெடுஞ்சாலையின் ஓரத்துப் புல்லை வெட்டக் கார் ஓட்டிகளிடம் யாரும் தெருவில் நின்று நன்கொடை கேட்பதில்லை. சாலை என்பது போக்குவரத்து, பாதை என்பது தொண்டு என்று ஒரு கோடு போட்டாயிற்று. நாமும் மாதம் ஒரு தொகை கொடுத்து அந்தக் கோட்டுக்கு ஒப்புதல் அளிக்கிறோம். சைக்கிள் பாதைகளுக்குப் பேர்பெற்ற நெதர்லாந்தில் பாதைகள் பொதுப்பணத்தில் கட்டப்பட்டுப் பொதுப்பணத்தில் பராமரிக்கப்படுகின்றன. அங்கே 1975இல் தொடங்கிய சைக்கிள் ஓட்டிகள் சங்கம் பாதை போடவில்லை. பாதை போடுகிறவர்களை விடாமல் கேள்வி கேட்டது.

ஜெர்மனியைப் பாருங்கள். 1979இல் தொடங்கிய ஏடிஎஃப்சி என்னும் சைக்கிள் சங்கத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சந்தா கட்டுகிறவருக்குப் பொறுப்புக் காப்பீடு, வழக்குச் செலவுக் காப்பீடு எல்லாம் கிடைக்கின்றன. அதைவிட முக்கியமாக, வாக்குரிமை கிடைக்கிறது. நான் கொடுக்கும் பணத்தில் அமைப்பு எந்தத் திசையில் போக வேண்டும் என்று பேச எனக்கு உரிமை உண்டு. தெருவில் ஒப்புதல் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு நன்றி மடல், சில மாதம் கழித்துத் தொகையை உயர்த்தச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பு. மழைச்சட்டை எழுதி வைத்த குறைகளை வாங்க ஆளில்லாமல் போனதற்குக் காரணமும் இதுவே. கொடுப்பவரின் குரலைக் கேட்கும் வாயில் அந்த அமைப்பின் கட்டுமானத்திலேயே இல்லை.

தெருவில் நிற்பவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் மறுப்பு கொள்கை சார்ந்தது.

நெடுவழி:

பொதுவழி அவர்களே, உறுப்பினர் என்பதும் நன்கொடையாளர் என்பதும் ஒன்றல்ல என்ற உங்கள் கருத்து இந்த இழையில் வந்தவற்றுள் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். பிரித்தானியாவில் 1878இல் தோன்றிய பழைய சைக்கிள் சுற்றுலாச் சங்கம் 2012இல் தொண்டு நிறுவனமாக மாறியபோது உறுப்பினர்களிடையே எழுந்த கடும் விவாதமும் இதைப் பற்றியதே. தொண்டு நிறுவனமானால் வரிச் சலுகை கிடைக்கும், நன்கொடை திரட்டலாம். ஆனால் உறுப்பினர்களின் நலனுக்காக மட்டும் இயங்க முடியாது, பொதுநலனே முதலில் நிற்க வேண்டும். இன்று சைக்கிளிங் யூகே என்ற பெயரில் இயங்கும் அந்த அமைப்பில் உறுப்பினர்கள் இன்னமும் இருக்கிறார்கள், ஒரு கோடிப் பவுண்டு வரையிலான மூன்றாம் தரப்புக் காப்பீடும் பெறுகிறார்கள், பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கவும் செய்கிறார்கள். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் உங்கள் வாதத்தின் ஒரு பகுதியை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அரசு செய்ய வேண்டியதைச் செய்யாதபோது, செய்யும் வரை காத்திருக்கலாம் என்று சொல்ல உங்களாலும் என்னாலும் முடியும். நாம் இருவரும் வாகனச் சாலையில் ஓட்டப் பழகிவிட்டவர்கள். எட்டு வயதுப் பிள்ளையோடு வரும் தாய்க்கும், மூன்றுசக்கரம் அவர்களுக்கும் அந்த வசதி இல்லை. 1979இல் மண்வெட்டி எடுத்தவர்கள் காத்திருந்திருந்தால் இன்று அங்கே ஒரு வீட்டுமனைத் திட்டம் நின்றிருக்கும். தடம் ஒருமுறை துண்டானால் பிறகு எந்த அரசாலும் அதை மீட்க முடியாது.

பொதுவழி:

தடத்தைக் காப்பாற்றியது குறித்து எனக்கு மறுப்பே இல்லை. அந்த ஒரு செயலுக்காக அவர்களை என்றும் மதிப்பேன். நாற்பது ஆண்டு கழித்தும் பராமரிப்புச் செலவுக்குத் தெருவில் நிற்க வேண்டியிருப்பதைத்தான் கேட்கிறேன்.

தேயிலைமேடு:

குறுக்கே ஒரு கேள்வி. பாதைக்காகக் கேட்டால் நாம் இவ்வளவு வாதிடுகிறோம். சைக்கிளையே கொடுக்கும் தொண்டு நிறுவனங்கள் கேட்டால் மட்டும் ஏன் உடனே கை நீள்கிறது? என்னைப் பொறுத்தவரை அதற்குக் காரணம், போய்ச் சேரும் பொருள் கண்ணுக்குத் தெரிவது. ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005இல் தொடங்கிய வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் அமைப்பு முதலில் பணி செய்தது இலங்கையில்தான். 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை அங்கே கொடுத்தார்கள். பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்காக 'பஃபலோ' என்ற கனத்த எஃகு வண்டியை வடிவமைத்தார்கள். பின்னால் 100 கிலோ வரை ஏற்றலாம். பழுது பார்க்க உள்ளூர்காரர்களுக்கே பயிற்சி தருகிறார்கள். ஒரு தொகை ஒரு வண்டி என்று சொல்லும்போது நமக்கு ஐயம் எழுவதில்லை.

கணக்கர்:

தேயிலைமேடு அம்மா, நல்ல கேள்வி. ஆனால் அங்கும் வண்டியின் விலை மட்டும் செலவாகாது. பயிற்சி, உதிரிப்பாகக் கடை, கணக்கு எழுதும் ஆள் என்று எல்லாம் உண்டு. பொருளாகத் தெரியும் நன்கொடையை நாம் நம்புகிறோம், பராமரிப்பாகக் கரையும் நன்கொடையை ஐயப்படுகிறோம். இருப்புப்பாதை அவர்களின் முள்செடிக்கு யாரும் கொடுக்காததன் காரணம் அதுவேதான்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சிலர் தனிமடலில் கேட்டதால் பொதுவிலேயே சொல்கிறேன். நோக்கம் பிடித்திருந்து முறை பிடிக்காவிட்டால், தெருவில் ஒப்பமிட வேண்டாம். நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நேரடியாகக் கொடுங்கள். முகமைக் கட்டணம் இல்லாமல் போய்ச் சேரும். அதை அந்த இளைஞரிடம் வாக்குறுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதைத் தினமும் கேட்கிறார், சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்வதுமில்லை. முன்பே தெருவில் ஒப்பமிட்டு இப்போது நிறுத்த விரும்புகிறவர்கள் வங்கிக்கே சொல்லி எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மாதந்தோறும் தானாகப் பணம் கழியும் இந்த முறைக்கு டைரக்ட் டெபிட் என்று பெயர்; அதற்கு வங்கிகள் தரும் உத்தரவாதம் அந்த உரிமையை அளிக்கிறது. நடத்தை பற்றிய முறையீடு இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் 2015ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பிறகு 2016இல் அமைக்கப்பட்ட நிதிதிரட்டல் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது.

மூன்றுசக்கரம் அவர்கள் கேட்டது இதைவிட நுட்பமானது. குறிப்பிட்ட ஒரு வேலைக்கு என்று எழுதிக் கொடுத்து, நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டால், அந்தப் பணத்தை வேறு எதற்கும் செலவிடச் சட்டப்படி முடியாது. கணக்கில் தனி நிதியாகவே காட்ட வேண்டும். ஆகவே கொடுக்கும் முன் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சிறு தொகைக்குத் தனிக் கணக்கு வைக்க அவர்கள் தயங்கலாம். பத்துப் பேர் சேர்ந்து ஒரே தடுப்பைக் குறித்துக் கொடுத்தால் அந்தத் தயக்கம் இருக்காது.

மழைச்சட்டை:

பத்துப் பேரில் நான் ஒருவன். எந்தத் தடுப்பு என்று மூன்றுசக்கரம் அக்கா சொல்லட்டும்.

இருப்புப்பாதை:

நானும் உண்டு, தம்பி. ஆனால் பணத்துக்கு முன் நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் நிலமாக இருந்தால் அவர்களுடைய அந்த வட்டார அலுவலருக்கு எழுதினால் போதும். நகராட்சி நிலமாக இருந்தால் நாம் பணம் திரட்டவே தேவையில்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தையும் 2020 வழிகாட்டியையும் மேற்கோள் காட்டி எழுதினால் அகற்றும் கடமை அவர்களுடையது என்று வாதிட இடமிருக்கிறது. அதில் பொதுவழி அவர்களின் உதவி வேண்டும்.

பொதுவழி:

மடலை நான் எழுதித் தருகிறேன். இடைவெளியின் அகலத்தைத் தரையிலும் கைப்பிடி உயரத்திலும் அளந்து, நாடாவோடு படம் எடுத்து அனுப்புங்கள். படம் இல்லாத முறையீட்டைக் கோப்பில் வைத்து மூடிவிடுவார்கள்.

மூன்றுசக்கரம்:

ஆற்றோரப் பாதையின் கிழக்கு வாயிலில் இருக்கும் தடுப்பைச் சொல்கிறேன். அதைத் தாண்டினால் அடுத்த தடுப்பு வரும் வரை நெடுந்தூரம் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை என் தம்பி அங்கே போய் அளவெடுத்து வருவான். படங்களை இங்கேயே போடுகிறேன். நிலம் யாருடையது என்று தெரிந்தவர்கள் அதற்குள் எழுதுங்கள்.